தூசி நெஞ்சில், வலி விரலில்

திருவொற்றியூரிலிருந்து ஒரு மகள்: அப்பா 20 வருடமாக கிரானைட் அறுக்கிறார். எக்ஸ்ரேயில் சிலிகோசிஸ், அதாவது கல் தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய், என்றார்கள். இப்போது காலையில் விரல் மடங்கவில்லை. வயசாகிறது என்கிறார்.

வயசு மேல் பழி போடாதீர்கள். எழுந்து ஒரு மணி நேரமாகியும் விறைப்பு விடாமல், இரண்டு கை விரல் மூட்டும் வீங்கினால் மூட்டைத் தாக்கும் முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று பார்த்தாக வேண்டும். நுரையீரலின் காவல் செல்கள் கல் தூசியை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அவையே வெடிக்கின்றன. அதனால் வரும் அழற்சி அடங்குவதே இல்லை. நாளடைவில் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே, மூட்டுகளையும் சேர்த்து, தாக்கத் தொடங்கலாம். வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளர்களிடம் கப்லான் என்ற டாக்டர் 1953லேயே இந்த நெஞ்சு-மூட்டு ஜோடியைக் கண்டு எழுதினார். பீடி சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனால் நெஞ்சு டாக்டரிடம் விரலைக் காட்டுங்கள், மூட்டு டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அபூர்வம்! மூட்டுக்கு ஸ்டீராய்டு, ஊசி என்று தொடங்கும் முன் டிபி பரிசோதனை கட்டாயம். சிலிகோசிஸ் நுரையீரலில் டிபி சுலபமாகப் புகும்.

காசிமேட்டு வாசகி: கணவருக்கு மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலை. ஐஸ் பெட்டியைத் தொட்டால் விரல் சுண்ணாம்பாக வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவக்கிறது. எக்ஸ்ரே சுத்தம். தூசிக்கும் இதற்கும் சம்பந்தமா?

இருக்கலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் தூசியால், எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பைத் தாக்கும் இந்த வகை நோய் வரலாம். விரல் தோல் இறுகிப் பளபளக்கிறதா, மோதிரம் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். தோலை இறுக்கும் ஸ்க்லீரோடெர்மா இப்படித்தான் ஆரம்பிக்கும். அதிரும் மெஷின் பிடிப்பவர்களுக்கும் விரல் வெளுக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வியாசர்பாடி தம்பி: நான் மார்பிள் மட்டும்தான் அறுக்கிறேன். எனக்கும் ஆபத்தா?

கல் தூசியில் நுரையீரலைக் கெடுப்பது சிலிகா. சுத்த மார்பிளில் அது குறைவு. கிச்சன் மேடைக்கு வரும் குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேலும் போகும். அந்தப் பலகையை அறுக்கும் நாளில் தண்ணீர் விடுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள். கர்சீப் நுண்தூசியைத் தடுக்காது.

கொருக்குப்பேட்டை வாசகர்: இதற்கெல்லாம் இ.எஸ்.ஐ.யில் நஷ்டஈடு கிடைக்குமா?

சிலிகோசிஸ் தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு, மூட்டுவாதம் இல்லை. எதற்கும் பழைய பட்டறைகளின் ஐ.டி. கார்டு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை வருடம் தூசியில் நின்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.