கணவாய்க் காற்றும் கரும் ஆற்றலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆடி மாதம் இறங்கும் காற்று சருகுகளைச் சிதறடிப்பதைப் போல, பிரபஞ்சத்தின் விரிவை முடுக்கும் கரும் ஆற்றல் (dark energy) கேலக்ஸிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் புளியரைக்காரன். அந்தக் காற்று எங்கள் வீட்டு ஓடுகளையும் விட்டுவைப்பதில்லை. அப்படியானால் புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள தூரமும் கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டாமா? பிரபஞ்சம் எதற்குள் விரிகிறது?

ஒரு வாசகர், புளியரை

அன்புள்ள நண்பருக்கு,

பிழை என்னுடையது. காற்று ஒரு திசையிலிருந்து வந்து, வழியில் நிற்பவற்றின் மேல் மோதுவது. கரும் ஆற்றலுக்குத் திசையும் இல்லை, மோதலும் இல்லை. சாரலில் வளர்ந்தவனுக்குக் காற்றைவிட்டால் வேறு உவமை வாய்க்கவில்லை என்பது சாக்குதான்.

தூரக் கணக்கைப் பார்ப்போம். ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் என்பது பிரபஞ்ச விரிவின் இன்றைய வேகம். எஸ் வளைவு ஏறும் நம் மலைச்சாலையில் 10 கிலோமீட்டருக்கு இதைப் பொருத்தினால், ஓராண்டில் கூடுவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் உண்மையில் கூடுவதில்லை. பாறையை அணுக்களுக்கிடையிலான மின்விசையும் பூமியை அதன் ஈர்ப்பும் இறுக்கிப் பிடித்திருப்பதால், இவ்வாறு பிணைந்தவை விரிவுக்கு உட்படுவதில்லை. ஆந்த்ரோமெடா கேலக்ஸியோ நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது.

அடுப்படியிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். குழம்பில் தண்ணீர் விட விட உப்பு சப்பென்று ஆகிவிடும். பருப்பொருளும் அப்படித்தான்: பிரபஞ்சத்தின் நீள அகலம் இரட்டித்தால் அதன் அடர்த்தி எட்டில் ஒன்றாகிறது. கரும் ஆற்றலோ எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கரிப்புக் குறையாத குழம்பு. அது வெளியின் (space) இயல்பு என்பதால், வெளி கூடக் கூட அதுவும் கூடுகிறது. தொடக்கத்தில் பருப்பொருளின் ஈர்ப்பு ஓங்கியிருந்து விரிவின் வேகத்தைக் குறைத்தது. அது நீர்த்துப்போனபின், ஏறத்தாழ 500 முதல் 600 கோடி ஆண்டுகளுக்கு முன், கரும் ஆற்றல் மேலோங்கி விரிவு முடுக்கம் பெற்றது. இன்று பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 68 சதவீதம் அதுவே.

1998-இல் இரு குழுக்கள் இந்த முடுக்கத்தைக் கண்டறிந்தன. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களே வெண்குள்ளன்கள்; அவை தாங்கக்கூடிய உச்ச நிறையே சந்திரசேகர் வரம்பு. அந்த வரம்பை நெருங்கி வெடிக்கும் வெண்குள்ளன்களின் உச்ச ஒளியை ஒரே அளவுக்குத் திருத்திக் கணக்கிட முடியும் என்பதால், அவை தொலைவை அளக்கும் விளக்குகள் ஆகின்றன. தொலைவில் வெடித்தவை எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன. அதாவது, இன்னும் தள்ளி இருந்தன. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் இதற்காக 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

‘எதற்குள்’ என்ற கேள்விக்கு விடை சிறியது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் அப்படியொரு வெளிப்புறத்தைக் கேட்பதே இல்லை. கூடுவது கேலக்ஸிகளுக்கிடையிலான தூரம்தான்.

கரும் ஆற்றலின் அந்தக் கரிப்பு ஏன் இவ்வளவு மட்டுமே என்பதுதான் உண்மையான சிக்கல். வெற்றிடத்தின் ஆற்றலை எளிய குவாண்டம் கணக்கில் போட்டால், காண்பதைவிட ஏறத்தாழ 120 சுழியங்கள் கொண்ட மடங்கு பெரிதாக வருகிறது. மலைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்தில் பிறந்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன், 2003-இல் இதைப் பற்றி எழுதிய நீண்ட ஆய்வுரையின் தலைப்பில் இதை ‘வெற்றிடத்தின் எடை’ என்றே குறித்தார்.

கேலக்ஸிகளின் தொலைவை அளந்து வரைபடமாக்கும், அரிசோனாவிலுள்ள டெசி (DESI) கருவி 2024-லிலும் 2025-லிலும் வெளியிட்ட அளவீடுகள், கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கக்கூடும் என்று குறிப்புக் காட்டுகின்றன, இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் என் குழம்பு உவமையையும் திருத்த வேண்டியிருக்கும். அப்போது நீங்களே கடிதம் எழுதுங்கள்.