மருத்துவர் பதில்: சைவச் சாப்பாட்டில் ரத்தம் ஊறுமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் யாரும் கறி, முட்டை தொடுவதில்லை. நானும் கணவரும் காலை எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். 9 வயது மகள் எப்போதும் சோர்வாக இருக்கிறாளே என்று ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.1. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமியார், "மாத்திரை சூடு, பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் கொடு, போதும்" என்கிறார். காலையில் ஹெல்த் டிரிங்க், சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறேன். 4 வயதில் பையனும் இருக்கிறான். சுலபமாகச் செய்கிற மாதிரி சத்தான சைவச் சாப்பாடு சொல்லுங்கள். முட்டையாவது பழக்க வேண்டுமா?

பதில்: முதலில் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள். 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 10.1-ஐச் சாப்பாட்டை மட்டும் வைத்து ஏற்றுவது கஷ்டம். அதற்குள் பிள்ளை பல மாதம் சோர்ந்தே கிடப்பாள். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு லேசாகப் பிசையும். மாமியார் சொல்லும் 'சூடு' பெரும்பாலும் இதுதான். பயப்பட ஒன்றுமில்லை. அரசுப் பள்ளியில் வாரம் ஒன்று தரும் இளஞ்சிவப்பு மாத்திரை, ரத்தசோகை வராமல் தடுப்பதற்கு. வந்த பிறகு தினசரி மாத்திரைதான், அதுவும் எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவில்.

பீட்ரூட் நல்ல காய், தாராளமாகப் பொரியல் செய்யுங்கள். ஆனால் 100 கிராமில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமைக்கூடத் தொடாது. நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. பேரீச்சம்பழமும் நாலு சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடாது.

சரி, சமையலுக்கு வருவோம். சைவமாக இருப்பதால் ரத்தசோகை வந்தது என்று நான் நினைக்கவில்லை. நம் வீடுகளில் தட்டு நிறையச் சோறு இருக்கும், அதன்மேல் ஊற்றும் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாற்ற வேண்டியது அதைத்தான். உங்கள் ஊர்ச் சாப்பாடே இதற்குப் போதும். அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் ஒரே வேலையாக முடிகிறது இல்லையா? இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு என்று தாராளமாகப் போடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வழக்கம்போல. குக்கரைத் திறந்ததும் உருவி வைத்த முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டுக் கிளறி, ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கீரை என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகள்கூட இதில் அதிகம் தகராறு செய்வதில்லை. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகிவிடும்.

இன்னொரு நாள் கொள்ளோ பச்சைப்பயறோ கடைந்து சோற்றில் பிசைந்து கொடுங்கள். அடைக்கு அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இருந்தால் காலை அவசரத்துக்கு ஆகும், புளிக்கவைக்கவும் தேவையில்லை. இட்லி தோசையைக் குறைத்துப் பேசாதீர்கள். மாவு புளிக்கும்போது, தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. பயறை ஊறவைப்பதிலும் முளைகட்டுவதிலும் இதே லாபம் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் கம்பும் ராகியும் வரட்டும். கம்பில் இரும்பு அதிகம். ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

பெரிய மாற்றம் தேவைப்படுவது சாயங்காலத்தில்தான். டீயில் இருக்கும் டானின், கூடச் சாப்பிடுகிற தாவர உணவின் இரும்பு உடம்பில் சேர்வதைப் பாதி அளவுக்கும் மேல் குறைத்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு டீ தேவையே இல்லை. பெரியவர்களும் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாத்திரையையும் டீ, பால் எதனுடனும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

பிஸ்கட் இடத்துக்குச் சுண்டல் வரட்டும். கறுப்புக் கொண்டைக்கடலையை இரவே ஊறப் போட்டுவிடுங்கள். காலையில் உப்புப் போட்டு ஐந்தாறு விசில் விட்டு, தண்ணீரை வடித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் மாமியார் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் தூவினால் போதும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். வைட்டமின் சி சூட்டில் வீணாகும், ஆனால் கடலையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர அது கூடவே இருந்தாக வேண்டும். எலுமிச்சை இல்லாத நாளில் கொய்யாப்பழம் நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுக் கொடுங்கள். ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி அதிகம், விலையும் குறைவு. கடலை சலித்தால் தட்டைப்பயறு, மொச்சை என்று மாற்றிக்கொள்ளலாம். எதுவுமே செய்ய முடியாத நாளுக்கு வேர்க்கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ இருக்கட்டும். ஆனால் பையனுக்கு நாலு வயதுதான் என்பதால் முழு வேர்க்கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள். கொண்டைக்கடலையையும் நன்றாக மசித்துக் கொடுப்பது நல்லது.

ஹெல்த் டிரிங்க் டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவு என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில், ஆன்லைன் கடைகள் அந்தப் பெயரில் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. மாதாமாதம் அதற்குப் போகிற காசு பயறுக்கும் பழத்துக்கும் தாராளமாகப் போதும்.

முட்டை கட்டாயமில்லை. தாவர உணவில் கிடைக்காதது வைட்டமின் பி12 ஒன்றுதான். பால், தயிர், மோர் தினமும் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு அநேகமாகப் போதும். பாலை அளவில்லாமல் கொடுப்பதும் தப்பு. வயிறு பாலிலேயே நிறைந்தால் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம். மாமியார் சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவராக இருந்தால், அவருக்கும் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. அந்த மாத்திரை அதைக் குறைக்கும்.

ஒன்று கேட்க மறந்துவிடக் கூடாது. மகள் பல்பம், சாக்பீஸ், பச்சரிசி இப்படி எதையாவது ரகசியமாகத் தின்கிறாளா? திட்டாதீர்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் அப்படித் தோன்றும், ஏறியதும் தானாக நின்றுவிடும். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். கொக்கிப்புழு குடலில் இருந்தால் நீங்கள் என்ன ஆக்கிப் போட்டாலும் ரத்தம் அங்கே போய்க்கொண்டே இருக்கும்.

மாத்திரை ஆரம்பித்து நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஒரு கிராம் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால், அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும், உடம்பில் சேமிப்பு நிரம்பத்தான் அது. ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று அவர் தனியாகப் பரிசோதிப்பார்.