1942-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் காந்தி எழுதிய கடிதம் ஒரு பத்திரிகையாளர் வழியாகப் போனது ஏன்?

இந்தியாவின் வெளியுறவு அன்று லண்டன் கையில். காங்கிரசுக்கு வாஷிங்டனில் தூதர் கிடையாது. தபாலுக்கோ போர்க்காலத் தணிக்கை. அந்த இடைவெளியில்தான் அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி ஃபிஷர் வருகிறார். 1942 ஜூனில் காந்தியின் சேவாகிராம் ஆசிரமத்தில் ஒரு வாரம் தங்கி, காந்தியைத் தினமும் கேள்விகளால் துளைத்தார். பிரிட்டன் வெளியேறினால் ஜப்பான் புகுந்துவிடாதா என்பதுதான் முக்கியச் சிக்கல். நேசநாட்டுப் படைகள் ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவில் இருக்கலாம் என்றார் காந்தி. ஜூலை 1 தேதியிட்ட கடிதத்திலும் அதையே எழுதி ஃபிஷர் வழியாக அனுப்பினார். சரியில்லை என்று பட்டால் கிழித்துப் போட்டுவிடலாம் என்ற குறிப்போடு. எந்தத் தூதருக்கும் கிடைக்காத உரிமை இது!

பலவீனமும் அங்கேதான். இப்படிப்பட்டவர் சேதி சொல்லலாம், பேரம் பேச முடியாது. இந்தியாவுக்காகப் பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலை நெருக்கிக் கூட்டணியைக் கெடுத்துக்கொள்ள ரூஸ்வெல்ட் தயாராக இல்லை. ஆகஸ்ட் 9 அதிகாலையில் காந்தி கைதானார்.