ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவில் கட்டணம் வைத்துக் கவிதை வாசிப்பு நடத்தினால் ஆட்கள் வருவார்களா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலத்தில் நண்பர்களோடு ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார். சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூரின் படிப்பகத்துக்குக் கூரை மாற்ற நிதி திரட்ட வேண்டும். பெயர் பெற்ற கவிஞர் ஒருவர் வந்து வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். கீழே சேலத்தில் ஒரு மண்டபம் பிடிப்பதா, மேலே எஸ்டேட் பங்களாவில் நடத்துவதா, பணம் கேட்டால் கவிதைக்கு யாராவது வருவார்களா என்பது அவருடைய கவலை.

வருவார்கள். பங்களாவிலேயே நடத்துங்கள். இதே மலையில், இதே மாதிரி ஒரு நிகழ்ச்சிக்கு ஓடியாடி வேலை செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

சேலத்தில் கவிதை கேட்க ஆள் இருக்கிறார்களா என்று உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஏற்காடு போகும் சாலையில் இன்னும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு, அந்தப் பழைய சினிமா ஸ்டுடியோவுக்குள் பாரதிதாசனும் கண்ணதாசனும் வேலை பார்த்திருக்கிறார்கள். 1960களின் கடைசியில் புதுக்கவிதைக்காகவே வந்ததுபோல வந்த ‘நடை’ சிற்றிதழ் இந்த ஊரிலிருந்துதான் வெளியானது. அதன் பின்னால் இருந்த கவிஞர் சி. மணி சேலத்துக்காரர். நாங்கள் நடத்திய வாசிப்புக்குக் கல்லூரி ஆசிரியர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம், வந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, வாசிப்பு முடிகிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்தது யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பணம் கேட்பதில் உங்களுக்குக் கூச்சம் இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. நம் பக்கம் இலக்கியக் கூட்டம் என்றால் நுழைவு இலவசம், கூடவே டீயும் வடையும். அப்படியே பழகிவிட்டோம். ஆனால் கவிதையைக் கேட்டுவிட்டுக் கொடுப்பது இந்த மண்ணுக்கு மிகப் பழைய வழக்கம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் தகடூரை ஆண்ட அதியமானிடம் பரிசில் வாங்கப் பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து வருகிறார். அரசன் அவரை நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்பச் சொல்கிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் கொடுத்த பொருளை எடுத்துப்போக நான் வாணிகப் பரிசிலன், அதாவது பொருளுக்காக மட்டும் பாடுகிறவன், இல்லை; என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. ஐந்நூறு நாற்காலி போட்ட மண்டபத்தில் வருகிறவர்கள் கவிஞரைக் காணாமல் கொடுப்பார்கள். மேடை, மைக், மாலை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிந்து கவிஞர் எழுந்திருக்கும்போது பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். நாற்பது, ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில் அப்படி நடக்க வழியில்லை. கவிஞர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிடுகிறார். கேட்கிறவர் அவர் மூச்சு வாங்குவதைக்கூடக் கேட்கிறார். அப்படி உட்கார்ந்து கேட்டவர்கள் கொடுத்த பணம் எங்கள் கணக்கைத் தாண்டிப் போயிற்று.

எங்கள் நிகழ்ச்சியில் மைக்கே வைக்கவில்லை. வந்த கவிஞர் கவியரங்கங்களில் தேர்ந்தவர். அங்கெல்லாம் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வதுதான் வழக்கம், கைதட்டல் எழ இடம் விட வேண்டுமல்லவா? இங்கேயும் முதல் கவிதையை அப்படித்தான் தொடங்கினார். இரண்டாவது கவிதைக்குள் தானாகவே அந்தப் பழக்கம் விலகிவிட்டது. ஒரு தடவை சொன்னால் போதும், எல்லோரும் கேட்டாயிற்று என்று அவருக்கே தெரிந்துவிட்டது. செத்துப்போன ஒரு ஆற்றைப் பற்றிய நீண்ட கவிதை ஒன்று வாசித்தார். அவர் எந்த ஆற்றை நினைத்து எழுதினாரோ, கூடத்தில் இருந்த சேலத்துக்காரர்கள் அத்தனை பேரும் திருமணிமுத்தாற்றைத்தான் நினைத்தார்கள். இந்த மலையில் பிறந்து கீழே நம் ஊருக்குள் சாக்கடையும் சாயமும் சுமந்து ஓடுகிற ஆறு. முடிந்ததும் ஒரு பெரியவர், “ஐயா, அந்த ஆத்துப் பாட்ட இன்னொரு தடவ வாசிப்பீங்களா?” என்று கேட்டார். கவிஞர் மறுபடி முழுவதும் வாசித்தார், முன்னைவிட மெதுவாக. ஆயிரம் பேர் கூட்டத்தில் இப்படி ஒருவர் கேட்கவும் மாட்டார், கேட்டாலும் மேடை வரை எட்டாது.

சரி, வீட்டைப் பற்றி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின. பழைய பங்களாக்களில் கனத்த கல்சுவர், ஓட்டுக் கூரை, சிலவற்றில் மரத்தளம் இருக்கும். மரத்தளத்தில் வாடகை நாற்காலி போட்டால் ஒருவர் அசைந்தால்கூடக் கிறீச்சிடும். பவானி ஜமக்காளம் விரித்துவிடுங்கள். முதியவர்களுக்கு மட்டும் சுவரோரம் நாற்காலி. எத்தனை பேர் உட்காரலாம் என்பதை வீட்டுக்காரரிடமோ, அந்த வீட்டை வழக்கமாகப் பழுது பார்க்கும் ஆசாரியிடமோ கேட்டு, அதற்கு மேல் ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

தேதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் ஓட்டின்மேல் விழும் மழையில் குரல் காணாமல் போகும். அதோடு காப்பிப் பழம் பறிக்கும் காலமும் தொடங்கிவிடும். பழம் உலர்த்தும் களத்தில்தான் வண்டிகளை நிறுத்த முடியும், அறுவடையின்போது எந்த எஸ்டேட்காரரும் களத்தைத் தர மாட்டார். மே மாதம் கோடை விழாக் கூட்டம், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் நகராது. மாசி மாதம் எனக்குப் பிடித்தது. அறுவடை ஓய்ந்து களம் காலியாக இருக்கும், பகலில் வெயிலும் இதமாக இருக்கும். முற்பகலில் வையுங்கள், அல்லது இரண்டரை மணிக்குத் தொடங்கி நாலரைக்குள் முடியுங்கள். இருபது வளைவுகளையும் இருட்டிலும் பனியிலும் டூவீலரில் இறங்கும் நிலைமைக்கு யாரையும் கொண்டுபோகக் கூடாது.

அப்புறம், கவிஞருக்கான மதிப்பூதியம். நல்ல காரியம்தானே, அவர் இலவசமாகச் செய்யட்டும் என்று உங்கள் வட்டத்தில் யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். போக்குவரத்து, தங்குமிடம், மதிப்பூதியம் மூன்றையும் நுழைவுக் கட்டணத்தில் கைவைக்காமல், முன்கூட்டியே இரண்டு மூன்று பேரிடம் வாங்கித் தனியாக வைத்துவிடுங்கள். அவர் அதைத் திருப்பிப் படிப்பகத்துக்கே கொடுத்தால் அது அவருடைய விருப்பம். பணம் கேட்கும் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள். தாம் நிறுவிய விசுவபாரதி கல்வி நிலையத்துக்கு நிதி திரட்ட 1936இல், எழுபத்து நான்கு வயதில், தாகூர் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அந்த வயதில் அவர் அப்படி அலைவதைக் கண்டு மனம் பொறுக்காமல், காந்தி 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து பயணத்தை நிறுத்தவைத்தார். அதைப் படித்த நாளிலிருந்து, கவிஞர் கவிதை வாசிக்கட்டும், கை நீட்டுவது நம் வேலை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எப்படிக் கேட்பது? வாசிப்புக்கு முன்பு உங்களில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் போதும். கூரைக்கு என்ன செலவு, கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது. அதன்பின் பணப் பேச்சே கூடாது. வாசலில் ஒரு பெட்டி, பக்கத்தில் கியூஆர் அட்டை, ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர். உங்களுக்கு, நன்கொடை கொடுப்பவர்களுக்கு வருமான வரிவிலக்குத் தரும் 80ஜி பதிவு இல்லையென்றால் பதிவு உள்ள அறக்கட்டளை ஒன்றின் வழியாக வாங்கலாம். வரிவிலக்கு கேட்பவர்களிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள், அதற்கு விலக்குக் கிடைக்காது. கட்டணம் ஐந்நூறு வைக்கலாம், மாணவர்களுக்கு நூறு.

அந்தச் சிற்றூர்க்காரர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. முன்வரிசை ஜமக்காளம் அவர்களுக்கு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நன்றிப் பாட்டு மட்டும் பாட வைத்துவிடாதீர்கள். கொடுத்தவர்கள் முன்னால் அவர்களைக் கைகூப்ப வைப்பது எனக்குத் தாங்காது. மற்றவர்களைப் போல அவர்களும் கவிதை கேட்க வந்தவர்கள், அவ்வளவுதான்.

பங்குனிக்குள் கூரை வேலையைத் தொடங்கிவிடுங்கள், சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொள்ளும். முடிந்ததும் ஓடு, மரம், ஆசாரி கூலி, வண்டி வாடகை வரை கணக்கெழுதி, பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். கவிஞருக்கும் ஒரு பிரதி.