தேவாலய வாகன நிறுத்தத்தை ஒட்டி ஒரு வீடு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பாறசாலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. நான் மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. மார்த்தாண்டத்துக்கு அருகே ஐந்தரை செண்டில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தை ஒட்டிய வீடு. அக்கம்பக்கத்து விலையைவிட ஆறு லட்சம் குறைவு. வீட்டுக்கு முன்னால் நான்கடி நடைபாதைதான் இருக்கிறது. கார் தேவாலய வளாகத்தின் வழியாகத்தான் வர முடியும். "இருபத்தஞ்சு வருஷமா இந்த வழிதான் போறோம், ஒரு ஃபாதரும் ஒண்ணும் சொன்னதில்ல" என்கிறார் விற்பவர். ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்தை நினைத்துக் கணவர் தயங்குகிறார். எனக்கு அந்த வெட்டவெளியும் காற்றும் பிடித்துவிட்டன. மூச்சிரைப்பு உள்ள மாமியாரும் எங்களோடு இருக்கிறார். நாங்கள் இந்துக்கள். நாளைக்கு ஏதாவது குறை சொல்ல நேர்ந்தால் அது வேறு விதமாகப் பார்க்கப்படுமோ என்ற எண்ணமும் இருக்கிறது. வாங்கலாமா?

ஜெ. எம்., பாறசாலை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார், நீங்கள் காற்றைப் பற்றி மகிழ்கிறீர்கள். என் கவலை முழுவதும் விற்பவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. பத்திரப்படி அந்த வீட்டுக்குரிய வழி எது என்பது தெளிவாகும்வரை வேறு எதையும் எடைபோட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

இருபது ஆண்டுகள் நடந்துவிட்டால் வழி நமக்குச் சொந்தம் என்று தரகர்கள் சொல்வார்கள். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு இருபது ஆண்டுகளைக் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அந்த இருபது ஆண்டும் வெளிப்படையாகவும் இடையறாமலும், முக்கியமாக, தன் உரிமை என்ற நிலையிலும் வழியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். நிலத்துக்காரர் இசைந்து விட்டுக்கொடுத்ததால் போய்வந்தவருக்கு அது அனுமதி மட்டுமே; அனுமதி எத்தனை ஆண்டு நீடித்தாலும் உரிமை ஆகாது, கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முடியும். 'ஒரு ஃபாதரும் ஒண்ணும் சொன்னதில்ல' என்பது உரிமையைக் காட்டும் பேச்சா, தயவைக் காட்டும் பேச்சா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தயவு என்றால் அது தேவாலயப் பொறுப்பிலுள்ள இப்போதைய பங்குத்தந்தையோடும், அவரோடு நிர்வாகம் பார்க்கும் இப்போதைய பங்குப்பேரவையோடும் போய்விடக்கூடியது. உரிமைதான் என்று விற்பவர் வாதிட்டாலும், அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் வேலை, வாங்கிய மறுநாளிலிருந்து உங்களுடையதாகிவிடும்.

வளாகத்தின் நுழைவாயிலைப் போய்ப் பாருங்கள். கதவு இருக்கிறதா, இரவில் பூட்டுகிறார்களா, சாவி தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் மட்டும்தானா, விற்பவரிடமும் ஒன்று உண்டா? இரவு இரண்டு மணிக்கு உங்கள் மாமியாருக்கு மூச்சுத் திணறி, 108-ஐ அழைத்து, வண்டி வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றால், ஸ்ட்ரெச்சரை அந்த நான்கடிப் பாதையில்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். அதன் வளைவுகளில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்பதை உங்களைப் போன்ற செவிலியர் ஒருவர் நடந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்து, உங்கள் சர்வே எண்ணைத் தொட்டு வண்டிப்பாதை எதுவும் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல் மூலப் பத்திரம்வரை போக வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில், இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த 1956-க்கு முந்தைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) பெரும்பாலும் திருவிதாங்கூர்க் காலத்து மலையாளத்தில் இருக்கும்; கேரளத்துப் பாறசாலையில் வசிக்கும் உங்களுக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பது கடினமல்ல. எல்லை விவரங்களில் வழி என்ற பேச்சு வருகிறதா, எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதைச் சொல் சொல்லாகப் படிக்கச் சொல்லுங்கள். வழி இல்லை என்று தெரிந்தால், முறையான தீர்வு ஒன்றுதான் இருக்கிறது: தேவாலய நிலத்தின் உரிமையாளர் உங்கள் வீட்டுக்கு வண்டிவழி உரிமையைப் பதிவு செய்த பத்திரமாக எழுதிக் கொடுப்பது. அந்த நிலம் பெரும்பாலும் ஆயரின் கீழுள்ள மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கும் என்பதால், பங்குத்தந்தை நல்லெண்ணத்தோடு எழுதித்தரும் கடிதம் இதற்குப் போதாது. மறைமாவட்டம் இதற்கு எளிதில் இசையாது. அதில் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த வழியைக் கொடுத்துவிட்டால் பிறகு அந்த இடத்தில் அவர்களால் எதுவும் கட்ட முடியாது.

நீங்கள் விரும்பும் வெட்டவெளியின் நிலையும் இதுவே. அது பிறருடைய நிலம். பங்கு, அதாவது அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த மக்கள், பெருகும்போது இன்று வண்டிகள் நிற்கும் இடத்தில்தான் சமூக நலக்கூடமோ மறைக்கல்வி வகுப்பறைகளோ எழும். கூடம் வந்துவிட்டால் பந்தலும் சமையல் புகையும் ஜெனரேட்டரும் வார நாட்களிலும் வரும். மூச்சிரைப்புக்காரருக்கு அந்தப் புகை சிறிய விஷயம் அல்ல. அப்படி ஏதும் திட்டம் இருக்கிறதா என்று பங்குப்பேரவையில் ஒருவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள் என்றே நம்புகிறேன்.

சத்தத்தைப் பொறுத்தவரை, ஞாயிறு காலை ஒரு பொருட்டே அல்ல என்பது என் கருத்து. திருப்பலி முடிந்து வண்டிகள் பின்னோக்கி எடுக்கும் இசையும் ஹாரனும் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். உங்களைப் பாதிக்கப்போவது மற்ற நாட்கள். இரவுப் பணி முடிந்து நீங்கள் உறங்கும் பகல் வேளைகளில், காலியான அந்த இடத்தில் உரிமம் எடுக்கப்போகும் பையன்கள் பைக்கில் எட்டு போட்டுப் பழகுவார்கள், மாலையில் கிரிக்கெட் நடக்கும். தவக்காலம் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் திருமணங்கள் அடுத்தடுத்து வரும். அதன்மேல் பங்குத் திருவிழாவின் பத்து நாட்கள்: கொடியேற்றம், ஒலிபெருக்கி, ஒன்பதாம் நாள் இரவுத் தேர்ப்பவனி, கூடவே சிங்காரி மேளம். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மட்டும் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை அரசு தளர்வு தரலாம். பின்னால் புகார் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்காதீர்கள். படுக்கையறை எந்தப் பக்கம் இருக்கிறது, அதை எதிர்ப்பக்கத்துக்கு மாற்ற இடமிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வார நாள் ஒன்றில் நண்பகலில் சன்னலை மூடிக்கொண்டு அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள்.

மழையையும் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. மண் தரையாக இருந்த இடத்தில் இன்டர்லாக் கல் பதித்துவிட்டால் தண்ணீர் தாழ்ந்த பக்கம் பாயும். காம்பவுண்ட் சுவரின் அடிப்பாகத்தில் ஈரக்கறை இருந்தால், தாழ்ந்த பக்கம் உங்களுடையது என்று பொருள்.

கடைசியாக நீங்கள் எழுதியிருக்கும் தயக்கம் நியாயமானது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே 1982-இல் நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. ஒலிபெருக்கி பற்றிய புகார் இங்கே ஒலிபெருக்கியோடு நிற்பதில்லை என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் திருவிழாப் பந்தலுக்கு அடுத்த வீட்டு இந்துக் குடும்பம் மின்சாரம் கொடுப்பதும், இந்துக் கோயில் கொடைவிழாவுக்குப் பங்கிலிருந்து ஆட்கள் வந்து நிற்பதும் இதே மாவட்டத்தில்தான். ஆகவே விலை பேசுவதற்கு முன்பே நீங்களும் கணவரும் பங்குத்தந்தையை நேரில் சந்தித்து, மாமியாரின் உடல்நிலையையும் உங்கள் இரவுப் பணியையும் சொல்லுங்கள். வீடு வாங்கும் முன் வந்து சொன்னவரின் கோரிக்கைக்கு இருக்கும் மரியாதை, வாங்கிய பின் வரும் புகாருக்குக் கிடைக்காது.

வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. அந்த வீட்டை நான்கடிப் பாதை மட்டுமே உள்ள வீடாகக் கணக்கிட்டுப் பாருங்கள். காரை வெளியே எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வரவும், அவசரத்துக்கு மாமியாரைத் தூக்கிச் செல்லவும் முடியும் என்றால், அந்தக் குறைக்கு ஆறு லட்சம் தள்ளுபடி போதாது, இன்னும் கேளுங்கள். முடியாது என்றால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய் போய்விடும் என்பதால், வாங்கிவிட்டு மனம் மாறி விற்பது பெரும் நட்டம். வண்டிவழிக்குப் பதிவு செய்த பத்திரம் வாங்கித்தருவதாக விற்பவர் சொன்னால், அது கைக்கு வந்த பிறகே கிரையம், குறித்த நாளுக்குள் வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி, அதைப் பதிவும் செய்த பிறகு முன்பணம் கொடுங்கள்.