ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்தால் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு 37 வயது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் முன்கூட்டியே தெரிந்துவிடுமாமே, எடுத்துக்கொள்ளலாமா? சில மாதமாக மலத்தில் அவ்வப்போது ரத்தம் வருகிறது. மூலம்தான் என்று நாட்டு மருந்து சாப்பிடுகிறேன்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: நீங்கள் கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கவலை தருகிறது. அது மூலமாகவே இருக்கலாம். ஆனாலும் அப்பாவுக்கு இந்த நோய் வந்திருக்கும்போது, உள்ளே பார்க்காமல் மூலம் என்று முடிவுகட்டக் கூடாது. இந்த வாரமே வேலூருக்குப் போய் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, தேவைப்படும். ரத்தம் வராவிட்டாலும் உங்களுக்கு அது தேவைதான். பெற்றோருக்கு நோய் தெரிந்த வயதில் 10 கழித்தால் வரும் வயது, அல்லது 40, இரண்டில் எது முந்தியதோ அப்போதே தொடங்க வேண்டும் என்பது நடைமுறை. உங்களுக்கு அது 36.

சரி, மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு வருவோம். நம் டி.என்.ஏ.வில் புரதம் தயாரிக்கும் குறிப்பு உள்ள பகுதி 2 சதவீதம்கூட இல்லை. மிச்சத்தைக் குப்பை என்று ஒதுக்கிய காலம் உண்டு. அங்கிருந்து உருவாகி, புரதமாக மாறாமலே மற்ற ஜீன்களைக் கட்டுப்படுத்தும் ஆர்.என்.ஏ.க்கள் ஏராளம். அவற்றில் மிகச் சிறியவற்றில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.; நீளம் சுமார் 22 எழுத்துதான் (ஆர்.என்.ஏ. இழையின் ஒவ்வொரு அலகும் ஓர் எழுத்து). இதை 1993இல் ஒரு சிறு புழுவில் கண்டறிந்த ஆம்ப்ரோஸ், ரவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பல வகை உண்டு; எண்ணிட்டு அழைப்பார்கள். பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ-21 பெரும்பாலும் கூடியிருக்கும். செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடும் பிடென் போன்ற ஜீன்களை அது அடக்கிவிடுகிறது. மாறாக 143, 145 எண்ணுள்ளவை குறைந்துவிடுகின்றன. இந்த ஆராய்ச்சி எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு இன்று அது விடை சொல்லாது. வேறு புற்றுநோய்களிலும் குடல் அழற்சியிலும்கூட மைக்ரோ ஆர்.என்.ஏ-21 கூடும். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தாலே சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறிவிடும். கூடியிருந்தால் எப்படியும் கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டும். சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. கொலனோஸ்கோப்பியிலோ, புற்றாக மாறக்கூடிய பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு கட்டி) இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம்.

போகும்போது அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். 50 வயதுக்குள் வந்ததால், குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லின்ச் சிண்ட்ரோமா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான்.