வாசகர் வினா: காற்றைச் சுத்திகரிப்பது யாருடைய கடன்?

வினா: வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டை இயந்திரங்களாலேயே எடுத்துவிடலாம் என்கிறார்கள். கண்டல் மரம் நட்டு, அது உறிஞ்சும் காபனீரொட்சைட்டுக்கான சான்றாகிய காபன் கிரெடிட்டை விற்றால் கரையோரக் கிராமங்களுக்குப் பணம் வரும் என்றும் பேச்சு அடிபடுகிறது. நம்பலாமா?
– வாசகர் ஒருவர், குருநகர்

விடை: எடுக்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஐஸ்லாந்தில் கிளைம்வேர்க்ஸ் நிறுவனம் 2021 இல் தொடங்கிய ஓர்கா ஆலை, காற்றிலிருந்து பிரித்த காபனீரொட்சைட்டை நீரிற் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறது. அங்கே அது கல்லாகிவிடுகிறது. ஆண்டுக்கு 4,000 தொன் எடுப்பதற்கென அமைக்கப்பட்ட ஆலை அது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் உலகம் ஆண்டுக்கு 3,700 கோடி தொன் அளவில் வெளிவிடுவதால், ஆலையின் ஓராண்டு வேலைக்கு ஈடான புகை நான்கு விநாடிக்குள் மேலே போய்விடுகிறது. விமானம், வேளாண்மை போன்று எளிதிற் குறைக்க முடியாத துறைகளின் மிச்சத்துக்கு இத்தகைய வழிகள் தேவைதான். ஆனால் நாளை எடுத்துவிடுவோம் என்ற வாக்குறுதியைக் காட்டி இன்றைய குறைப்பைத் தள்ளிப்போடுவது செல்வந்த நாடுகளுக்கு வசதியாகிவிடும். அமெரிக்கர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 தொன், இலங்கையர் ஒருவருடையது ஏறத்தாழ 1 தொன் என்றிருக்க, செலவை யார் ஏற்பது என்பதற்கு விடை சொல்லாத திட்டம் எனக்கு நேர்மையானதாகத் தோன்றவில்லை.

கண்டல் விடயத்தில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நடப்பட்டவற்றுட் பெரும்பகுதி பிழைக்கவில்லை. ஆய்வு செய்யப்பட்ட 23 இடங்களுள் 9 இல் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும், ஆடுமாடுகள் மேய்ந்ததும் காரணங்கள். பிழைத்தாலும், கிரெடிட் விற்பதற்கான பல்லாண்டு ஒப்பந்தம் கரையைக் கட்டிப்போடும்: களங்கண்டி வலைக்குக் கம்பு நடுபவரும், நண்டு பிடிப்பவரும், விறகு பொறுக்கும் பெண்களும் அதில் எங்கே நிற்கிறார்கள்? போருக்குப் பின் திரும்பிவந்து, தம் காணி அரச திணைக்கள எல்லைக்கற்களுக்குள் அகப்பட்டிருக்கக் கண்டவர்கள் வடக்கிற் பலர். ஆகவே காணி யார் பெயரில், பணம் யார் கையில், மரம் பட்டுப்போனால் இழப்பு யாருக்கு என்பவற்றைக் கடற்றொழிலாளர் சங்கம் தமிழில் எழுதி வாங்காமல் ஒப்பமிடக்கூடாது.

வினா: வெளிநாட்டுக்கு விற்ற கிரெடிட்டை இலங்கை தன் கணக்கிலும் காட்டலாமா?
– மாணவி ஒருவர், சாவகச்சேரி

விடை: முடியாது. காலநிலை தொடர்பான பாரிஸ் உடன்படிக்கையின் 6 ஆம் உறுப்புரையின்படி ஒரு நாடு தன் புகைக்குறைப்பு இலக்குக்காக வாங்கிய குறைப்பை, விற்ற நாடு தன் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். 2050 இல் நிகர பூச்சியத்தை, அதாவது வெளிவிடுவதும் உறிஞ்சுவதும் சமனாகும் நிலையை, எட்டுவதாகச் சொல்லியிருக்கும் இலங்கை, மலிவாகக் கிடைக்கும் குறைப்புகளை இன்று விற்றுவிட்டால், பின்னர் விலையுயர்ந்தவற்றையே தனக்காகத் தேட வேண்டிவரும்.